உன் கதவில் இருக்கிற 153

கண்ணு,

கொண்டோ சாவி வாங்கியதும் கதவைப் படம் எடுத்து அனுப்பினாய், கூடவே "ஒற்றைப்படை நம்பர்மா, ஒன்றும் விசேஷமில்லை" என்றாய். வாட்சாப்பில் பதில் போட்டால் ஒரு வரியில் முடிந்துவிடும் என்று உட்கார்ந்து எழுதுகிறேன். (உன் மாமா படத்தைப் பார்த்ததுமே முன்னால் ஒரு சைபர் சேர்த்து நாலு நம்பர் லாட்டரி வாங்கக் கிளம்பிவிட்டார், அதை விடு.)

உனக்குத் தெரியாது, தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், அவர் நம்பர் 153. விடியாத இருட்டில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கிராணி, அதுதான் தோட்டத்துக் கணக்கர், பெயரைச் சொல்ல மாட்டார், நம்பரைத்தான் கூப்பிடுவார், ஸ்டோரில் பால் நிறுக்கும்போதும் அப்படித்தான். தாத்தாவுக்கு அது அறவே பிடிக்காது. உன் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்தக் குரல்தான் முதலில் கேட்டது. அப்புறம்தான் தோன்றியது, இத்தனை வருஷம் டியூஷன் பிள்ளைகளுக்குக் காரணி, மடங்கு என்று கத்தியிருக்கிறேன், இந்த எண்ணை ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லையே என்று.

பகா எண் இல்லை, 3 பெருக்கல் 3 பெருக்கல் 17. ஆனால் 17 புள்ளி வைத்து, வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து ஒரு புள்ளியில் முடிக்கிற கோலம் போட்டால் மொத்தம் சரியாக 153 புள்ளி. முக்கோண எண் என்பது இதுதான். இலக்கங்களைக் கூட்டு, 9 வரும், அந்த 9 மீதியில்லாமல் 153-ஐ வகுக்கும். இப்படிப்பட்ட எண்ணுக்கு ஹர்ஷத் என்று பெயர், மகிழ்ச்சி தருவது என்று அர்த்தம். வைத்தவர் கப்ரேகர், மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்கிற ஊரில் பள்ளிக்கூட வாத்தியார்.

பெரிய விஷயம் இனிமேல்தான். 1-இன் கனம் 1, 5-இன் கனம் (5 பெருக்கல் 5 பெருக்கல் 5) 125, 3-இன் கனம் 27, கூட்டினால் மறுபடியும் 153. 1 என்கிற எண்ணை விட்டுவிட்டால் இப்படித் தன் இலக்கங்களின் கனங்களையே கூட்டித் தானாக நிற்கிற எண்கள் மொத்தமே நாலு: 153, 370, 371, 407. நம்ம ராமானுஜனை கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஹார்டி இருக்கிறாரே, அவர் 1940-இல் இதைக் குறிப்பிட்டு, புதிர்ப் பத்திக்குத்தான் ஆகும், கணிதக்காரனுக்கு இதில் ஒன்றுமில்லை என்கிற மாதிரி எழுதிவிட்டார். அவ்வளவு பெரிய ஆளோடு எனக்கு என்ன வாக்குவாதம், ஆனால் நம்மைப் போல ரப்பர் தோட்டத்தில் அவர் வளரவில்லை.

இப்போது நீ ஒரு பென்சில் எடு. சுங்கை சிப்புட்டில் நம்ம வீட்டு நம்பர் 42. 4-இன் கனமும் 2-இன் கனமும் கூட்டினால் 72. அதற்கும் அப்படியே செய், 351. இன்னொரு தடவை செய்தால் 153, அதற்கு மேல் நகராது. மூன்றின் மடங்கு எதில் தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும், ஏனென்றால் கனங்களைக் கூட்டினாலும் மூன்றால் வகுபடுகிற குணம் போகாது, மற்ற மூன்று எண்ணும் மூன்றால் வகுபடாது. நான் 6-இல் தொடங்கி ஒரு பக்கம் முழுக்கக் கிறுக்கினேன், அதுவும் உன் வாசலுக்குத்தான் வந்தது.

முறுக்கு சுட்டு வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை தபாலில் போடுகிறேன். எந்த மாடி என்று சொல்லாமலே விட்டாயே, அதை மட்டும் அனுப்பு.

அம்மா