தனி ஆல்பம் எதற்கு என்று கேட்டாயே

அல்சூர், பெங்களூரு
17 மார்ச் 2024

அன்புள்ள நண்பா,

போன வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். வாசலில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டுவிட்டதால் சம்ப் மூடியைத் திறக்க ஓட வேண்டியதாயிற்று. இந்தக் கோடையில் எங்கள் ஊரில் எப்பேர்ப்பட்ட பேச்சையும் பாதியில் நிறுத்தும் அதிகாரம் லாரிக்காரருக்குத்தான் இருக்கிறது. "65 வயதில் புரூஸ் டிக்கின்சனுக்குத் தனி ஆல்பம் எதற்கு, அயர்ன் மெய்டனில் மறுபடியும் சண்டையா?" என்று நீ கேட்டாய். அயர்ன் மெய்டன் என்ற அந்த ஆங்கில ஹெவி மெட்டல் குழுவுக்கும் அதன் பாடகருக்கும் சண்டை ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் தனிக்குழுவோடு மேடையேறுகிறவர், செப்டம்பரில் மெய்டனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகப் போகிறார். ஆனால் "எதற்கு" என்ற பாதிக்கு அவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது என்பதால்தான் இந்தக் கடிதம்.

மேலே இருக்கும் தேதியைக் கவனித்தாயா? 2007-இல் இதே மார்ச் 17-ஆம் தேதி, சனிக்கிழமை, அரண்மனை மைதானத்தில் புழுதிக்கு நடுவே நாம் இருவரும் நின்று மெய்டனைக் கேட்டோம். நீ ஒற்றைச் செருப்போடு மேக்ரி சர்க்கிள் வரை நடந்தாய். ஆட்டோக்காரர் மீட்டருக்கு இரண்டு மடங்கு கேட்டபோது, காது அடைத்துப்போயிருந்த நீ "என்ன, என்ன" என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் அவரே சலித்துப்போய் ஒன்றரை மடங்குக்கு இறங்கி வந்தார். அன்று மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடி, மானிட்டர் பெட்டிகளின் மேல் ஏறிப் பாடிய மனிதருக்கு அப்போதே 48 வயது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2005-இல், அவருடைய முந்தைய தனி ஆல்பம் வந்திருந்தது. அடுத்ததற்கு 19 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்த மார்ச் 1-ஆம் தேதி வெளிவந்ததன் பெயர் 'தி மாண்ட்ரேக் ப்ராஜெக்ட்'. பெயரைப் பார்த்ததும் நமக்கெல்லாம் முத்து காமிக்ஸ் மந்திரவாதிதான் நினைவுக்கு வருவார்; இது மனித உருவில் வேர் விடுவதாகச் சொல்லப்படும் அந்தச் செடியின் பெயர். வேடிக்கை என்னவென்றால், இந்த ஆல்பத்துக்கும் கூடவே ஒரு காமிக்ஸ் தொடர் வருகிறது. அதைத் தேடி வாங்கும் ஆர்வம் எனக்கு வரவில்லை. பாட்டுக்குக் கதைச் சுருக்கம் தேவைப்பட்டால் பாட்டில் ஏதோ குறை இருக்கிறது என்பது என் பழைய பிடிவாதம்.

மெய்டன் என்பது ஸ்டீவ் ஹாரிஸ் 1975-இல் கட்டிய வீடு. டிக்கின்சன் 1981-இல் அதற்குள் வந்தவர். அந்த வீட்டின் தாளமே ஹாரிஸின் பேஸ் கித்தாரிலிருந்து கிளம்பும் குதிரைப் பாய்ச்சல்தான் என்பதும், மூன்று கித்தார்களுக்கு நடுவே சொற்களை நெருக்கிப் போட்டு, மூச்சு விடக்கூட இடம் வைக்காமல் பாடகரை ஓடவிடுவது ஹாரிஸுக்குப் பழக்கம் என்பதும், டிரம்ஸ் வாசித்த உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஓட்டத்துக்காகத்தான் நாம் புழுதியில் நின்றோம். ஆனால் பாடுகிறவனுக்கு, ஓர் அடியை முடித்துவிட்டு எவ்வளவு நேரம் சும்மா நிற்கலாம் என்று தானே முடிவு செய்யும் உரிமை அங்கே கிடையாது. புதிய ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஏறக்குறைய பத்து நிமிடம் ஓடுகிறது. அதில் அவர் தாழ்ந்த குரலில், பேசுவதற்கும் பாடுவதற்கும் நடுவில் ஓரிடத்தில் நின்று, ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்கு அவசரப்படாமல் வருகிறார். இரவு பத்து மணிக்கு மேல் ஹெட்போனில் கேள். அடுத்த வரியைத் தொடங்குவதற்கு முன் அவர் காத்திருப்பது தெரியும். நம் கச்சேரிகளில் ஆலாபனைக்கு வித்வான் எடுத்துக்கொள்ளும் சாவகாசம் அது.

இன்னொன்று, பாட்டுகள் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போய் வருவது. 1989-இல் ஒரு பேய்ப்படத்துக்காக டிக்கின்சன் தனியாக ஒரு பாட்டைச் செய்தார். அதைக் கேட்ட ஹாரிஸ், இது நமக்கு வேண்டும் என்று மெய்டனுக்கு எடுத்துக்கொண்டார். 1991 ஜனவரியில் அதுதான் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்த மெய்டனின் ஒரே பாட்டு ஆயிற்று. பிறகு, தனி ஆல்பத்துக்காக எழுதி வைத்திருந்த இன்னொரு பாட்டையும் ஹாரிஸ் கேட்டு வாங்கி, 2015-இல் வந்த இரட்டை ஆல்பத்தின் முதல் பாட்டாக வைத்தார். அந்தப் பாட்டுதான் இப்போது பெயரும் சில வரிகளும் மாறி, பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. உண்மையைச் சொன்னால், மெய்டன் பாடிய வடிவமே எனக்கு ஒரு படி மேலாகத் தோன்றுகிறது. போன இடத்தில் ஊட்டம் ஏறியதோ என்னவோ. ஆனாலும் அதைத் திரும்பப் பெற்று, தான் முதலில் நினைத்த உருவில் ஒருமுறை பாடிவிட வேண்டும் என்று 65 வயதில் ஒருவருக்குத் தோன்றியதே, அதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

1993-இல் அவர் மெய்டனை விட்டு விலகியது உண்மையான தனிக்குடித்தனம். அந்த ஆறு ஆண்டுகளைத் தோல்வி என்று நீ ஒருமுறை சொன்னாய். கூட்டமும் பணமும் குறைந்தன என்ற அளவில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1994 டிசம்பரில் அவர் எங்கே பாடினார் என்பது நினைவிருக்கிறதா? போஸ்னியப் போரில் முற்றுகைக்குள் இருந்த சரயேவோவில். பக்கங்களில் கார்ட்டூன் படங்கள் தீட்டிய நிவாரண லாரியில் ஏறி, குண்டு விழும் இக்மான் மலைப் பாதை வழியாக அந்தச் சின்னக் குழு நகருக்குள் போயிற்று. உள்ளே மின்சாரமும் தண்ணீரும் ஒழுங்காக இல்லாத நகரத்தில், பக்கத்துத் தெருவுக்குப் போவதே உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்த இளைஞர்கள் அந்த அரங்குக்கு வந்து நின்றார்கள். லாரி லாரியாக ஒலிபெருக்கியும் ராட்சத பொம்மையும் கொண்டு நடக்கும் மெய்டனால் அங்கே போயிருக்க முடியாது. காப்பீட்டு நிறுவனமே விட்டிருக்காது. அதன் பிறகு 1998-இல் வில்லியம் பிளேக்கின் கவிதைகளிலிருந்து ஊக்கம் பெற்று அவர் செய்த ஆல்பம், என் கணக்கில், அந்தப் பத்தாண்டில் மெய்டன் செய்த எதையும்விடக் கனமானது. 1999-இல் திரும்பியபோதும் வெறுங்கையோடு வரவில்லை. தன்னோடு வாசித்துக்கொண்டிருந்த, மெய்டனின் பழைய கித்தார்க்காரர் ஏட்ரியன் ஸ்மித்தும் கூடவே திரும்பியதால்தான் மெய்டனுக்கு மூன்றாவது கித்தார் கிடைத்தது.

ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் 1985-இல் முதல் தனி ஆல்பம் போட்டபோது அதே குழுவின் கித்தார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸுக்கு வந்த கோபத்தை வைத்துத்தான் எல்லாத் தனி ஆல்பங்களையும் நீ எடைபோடுகிறாய் என்று நினைக்கிறேன். அந்தக் கதை வேறு, இது வேறு.

குரலைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2015-இல் அவருடைய நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி இருந்ததும், கீமோவும் கதிர்வீச்சும் எடுத்துக்கொண்டு அந்த மே மாதமே குணமானதாக அறிவித்ததும் உனக்குத் தெரியும். என் மைத்துனர் அதே இடத்தில் கதிர்வீச்சு எடுத்துக்கொண்டவர். ஓர் ஆண்டு வரை அவருக்கு உப்பும் சர்க்கரையும் ஒன்றாகவே இருந்தன. எச்சில் ஊறாததால் தயிர்ச்சாதத்தை மோரில் கரைத்து, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்து விழுங்குவார். வீட்டில் ஒருவரை அப்படிப் பார்த்த பிறகு இந்த ஆல்பத்தைக் கேட்டதால், நான் நடுநிலையோடு எழுதுகிறேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். உச்சியில் குரல் முன்பு போலக் கத்தியாய் இறங்குவதில்லை. சில இடங்களில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிறார், அது கேட்கிறது. ஆனால் நடுக்குரலில், மெய்டனோடு முதல் ஆல்பம் பாடிய 1982-இல் இல்லாத ஒரு மரக்கட்டைக் கனம் சேர்ந்திருக்கிறது. தயாரிப்பாளர் ராய் இசட் பல ஆண்டுகள் கூடவே இருந்தவர் என்பதால், அந்தக் கனம் எங்கே உட்காரும் என்று தெரிந்து கித்தாரைத் தாழ்த்தி வைத்திருக்கிறார். நடுவில் இரண்டு பாட்டுகள் நீளத்துக்காகவே நீள்கின்றன. அவற்றைத் தாண்டிப் போனாலும் நீ ஒன்றையும் இழக்க மாட்டாய்.

இவ்வளவும் எழுதியதற்கு ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது. 1986-இல் காக்ஸ் டவுன் தேவாலய மண்டபத்தில் நாம் நால்வரும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, அல்சூர் ஏரியைப் பற்றி நான் எழுதிய தமிழ்ப் பாட்டை ஒருநாள் பாடிக் காட்டினேன். "நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் குழுவுக்கு ஒட்டாது" என்று குச்சியால் முழங்காலில் தட்டிக்கொண்டே சொன்னவன் நீதான். நீ சொன்னது சரி. அது நம் குழுவுக்கான பாட்டே அல்ல. வேறு இடம் அதற்கு இல்லாததால் நோட்டிலேயே கிடந்துவிட்டது. போன மாதம் பழைய பெட்டியைக் கிளறியபோது அந்த நோட்டு கிடைத்தது. மகனைக் கித்தார் வாசிக்கச் சொல்லி, கைபேசியில் பதிவு செய்து பார்த்தேன். முதல் சரணம் நிற்கிறது. இரண்டாவது சரணத்தில், பிடித்து நிறுத்தத் தாளம் இல்லாமல், நானும் அவனும் ஆளுக்கொரு பக்கம் ஓடிவிடுகிறோம்.

ஏப்ரலில் கோவையிலிருந்து மகளைப் பார்க்க வருவதாகச் சொன்னாயே, வரும்போது குச்சிகளை மறக்காமல் எடுத்து வா. டிரம்ஸ் செட்டுக்கு நான் எங்கே போவேன்? மாடியில் நீல நிறத் தண்ணீர் டிரம் இரண்டு காலியாகத்தான் கிடக்கின்றன, அதற்குள் அவை நிரம்பும் என்று தோன்றவில்லை.

அன்புடன்,
உன் பழைய பாடகன்