தொழில் வரியின் கீழ்ப்படிகளில் நிற்பவர்களுக்காக: நகராட்சி நிர்வாகத் துறைக்கும் சென்னை மாமன்றத்துக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைச் செயலர் அவர்களுக்கும், பெருநகர சென்னை மாநகராட்சி மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சம்பளமோ தொழில் வருமானமோ பெறுபவர்களிடம் உள்ளாட்சி அரையாண்டுக்கு ஒருமுறை வாங்கும் வரி தொழில் வரி. 2024-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியில் அது திருத்தப்பட்டது. அரையாண்டு வருமானம் ரூ.21,001 முதல் ரூ.30,000 வரை உள்ளவர்களுக்கு வரி ரூ.135-லிருந்து ரூ.180 ஆனது. ரூ.45,000 வரை உள்ளவர்களுக்கு ரூ.315 என்பது ரூ.425 ஆகவும், ரூ.60,000 வரை உள்ளவர்களுக்கு ரூ.690 என்பது ரூ.930 ஆகவும் உயர்ந்தன. அதற்கு மேலுள்ள இரண்டு படிகள், அதாவது ரூ.75,000 வரையிலான ரூ.1,025-ம் அதைத் தாண்டியவர்களுக்கான ரூ.1,250-ம், அப்படியே விடப்பட்டன. அரையாண்டுக் கணக்கை மாதக் கணக்காக மாற்றிப் பார்த்தால்தான் இதன் பொருள் விளங்கும். மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் 10,000 ரூபாய் வரை சம்பாதிப்பவர் ஒவ்வொருவருக்கும் வரி கூடியது. பத்தாயிரத்தைத் தாண்டிச் சம்பாதிக்கும் ஒருவருக்கும், அவர் மாதம் பத்து லட்சமே வாங்கினாலும், ஒரு ரூபாய் கூடவில்லை.

வரியே கூடாது என்று வாதாட நான் இதை எழுதவில்லை. தெருவிளக்கும் மழைநீர் வடிகாலும் குப்பை வண்டியும் காசில்லாமல் நடக்காது என்பதும், மாநகராட்சி தானாக வசூலிக்கும் வரிகளில் சொத்து வரிக்கு அடுத்து நம்பத்தக்கது தொழில் வரிதான் என்பதும் எனக்குத் தெரியும். யாரிடம் எவ்வளவு என்பதுதான் என் கேள்வி. சிறு நிறுவனங்களுக்குச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருப்பவன் என்பதால், அந்தக் கேள்வி அரையாண்டுக்கு ஒருமுறை என் மேசைக்கு வந்துவிடுகிறது.

அப்படி ஒரு பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் பெண்மணிக்கு மாதச் சம்பளம் ரூ.12,800, பொது மேலாளருக்கு ரூ.1,80,000. அரையாண்டு முடியும் மாதத்தில், ‘பி.டி.’ (தொழில் வரியின் ஆங்கிலச் சுருக்கம்) என்று தலைப்பிட்ட கட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒரே எண்தான் ஏறுகிறது: 1,250. மேலாளருக்கு இது ஆறு மாத வருமானத்தில் நூறு ரூபாய்க்குப் பன்னிரண்டு காசு. அந்தப் பெண்மணிக்கு நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கும் மேல். அவருடைய இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் மாதம் 96 ரூபாய், ஆறு மாதத்துக்கு 576 ரூபாய். அதற்கு ஈடாக அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவமாவது கிடைக்கிறது. தொழில் வரி அதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம், அதுவும் பெரும்பாலும் ஒரே மாதச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்கப்படுவது. அந்த மாதம் கையில் ஏன் குறைகிறது என்று கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பு சட்டம் இயற்றியவர்களிடம் இல்லை, என்னைப் போன்றவர்களிடம் விடப்பட்டிருக்கிறது.

இதைவிட விசித்திரம் நடுப்படியில் இருக்கிறது. அரையாண்டில் ரூ.45,001 சம்பாதிப்பவர், அதாவது மாதம் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்காரர், ரூ.930 கட்டுகிறார், அது அவர் வருமானத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மொத்த அட்டவணையிலும் விழுக்காட்டளவில் மிக அதிகம் கட்டுபவர் இவர்தான். 2025-26-இல் நூறு நாள் வேலைத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நாட்கூலி ரூ.336. அந்தக் கூலிக்கு மாதம் 26 நாள் ஒருவர் வேலை பார்த்தால் அரையாண்டு வருமானம் ரூ.52,416, அவர் நிற்கும் படியும் இதே 930 ரூபாய்ப் படிதான். வறுமையைப் போக்க அரசே நிர்ணயித்த கூலி, தொழில் வரியின் கண்ணுக்கு வரி செலுத்தத் தக்க வருமானமாகத் தெரிகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில் அரசமைப்புச் சட்டம். உறுப்பு 276, ஒருவரிடம் ஓராண்டுக்கு ரூ.2,500-க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்கிறது, அரையாண்டுக்கு ரூ.1,250 என்ற உச்சம் அங்கிருந்து வருகிறது. பதில் உண்மையானதுதான், ஆனால் பாதி உண்மை. அந்த வரம்பின் வரலாற்றைச் சற்றுப் பார்க்கலாம். பிரிட்டிஷ் ஆட்சியில், 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட பிரிவில், அது 50 ரூபாயாக இருந்தது. 1950-இல் 250 ஆனது. 1988-இல் 60-ஆவது திருத்தம் அதைப் பத்து மடங்காக்கி 2,500 என்றது. அப்போது மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்கு, நான்காவது ஊதியக் குழுவின்படி, தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ.750. ஆகவே 2,500 என்பது அவருடைய மூன்று மாத அடிப்படைச் சம்பளத்தையும் விஞ்சிய தொகை. பெரிய வருமானக்காரர்களை மனத்தில் வைத்து வகுத்த உச்சம் அது. ஏழாவது ஊதியக் குழு அதே கடைநிலைத் தொடக்கத்தை ரூ.18,000 ஆக்கியது, அதாவது 24 மடங்கு. வரம்பு மட்டும் அசையவில்லை. அன்று மேலாளர்களுக்கென்று கட்டிய கூரை இன்று துப்புரவுப் பணியாளரின் தலையைத் தட்டுகிறது.

ஆனால் உறுப்பு 276 மேல்வரம்பை மட்டுமே சொல்கிறது. கீழே யாரிடம் தொடங்க வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வரி என்பது தமிழ்நாட்டின் முடிவு. 12,500 ரூபாயைத் தாண்டினால் உச்ச வரி என்பதும் தமிழ்நாட்டின் முடிவு. கர்நாடகம் மாதம் 25,000 ரூபாய்க்குக் கீழ்ச் சம்பளம் பெறுபவர்களைத் தொழில் வரியிலிருந்து முழுமையாக விலக்கியிருக்கிறது. தெலங்கானாவில் விலக்கு 15,000 ரூபாய் வரை, குஜராத்தில் 12,000 வரை. மகாராஷ்டிரத்தில் பெண்களுக்கு 25,000 வரை வரியில்லை. அந்த மாநிலங்களையும் கட்டுப்படுத்துவது அதே உறுப்பு 276-தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மாதம் 15,000 ரூபாய் வாங்குபவர் தொழில் வரி கட்டுகிறார். அத்திப்பள்ளியைத் தாண்டிப் பொம்மசந்திராவில் அதே சம்பளத்துக்கு அதே வேலை செய்பவர் கட்டுவதில்லை. அங்கே இந்த வரி மாநில அரசின் கருவூலத்துக்குப் போகிறது, இங்கே உள்ளாட்சிக்குப் போகிறது என்ற வேறுபாட்டை நான் மறக்கவில்லை. மாநில அரசால் தாங்க முடிகிற இழப்பை ஒரு நகராட்சி தாங்குவது கடினம். அந்தக் கடினத்தைத் தீர்க்கும் வழி மானியப் பகிர்வில் இருக்கிறது, ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சம்பளத்தில் இல்லை.

சிக்கலின் வேர் என்று நான் கருதுவது ஐந்தாண்டுத் திருத்த விதி. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொழில் வரியை 25 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 35 விழுக்காட்டுக்கு மிகாமலும் உயர்த்த வேண்டும் என்று நம் சட்டம் சொல்கிறது. உயர்வது வரித் தொகை மட்டுமே. வருமானப் படிநிலைகள் தொடப்படுவதில்லை. மேலே கூரை, கீழே கட்டாய உயர்வு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எண்களே காட்டுகின்றன. கடந்த இரண்டு திருத்தங்களுக்கு முன் சென்னையில் வரித் தொகைகள் முறையே 100, 235, 510, 760, 1,095 ரூபாய். இன்று 180, 425, 930, 1,025, 1,250. கீழ்ப்படியும் நடுப்படியும் 80 விழுக்காடும் அதற்கு மேலும் ஏறியிருக்க, உச்சப்படி 14 விழுக்காடு மட்டுமே ஏறியிருக்கிறது. அடுத்த திருத்தத்தில் 930 என்பது குறைந்த அளவான 25 விழுக்காடு கூடினாலே 1,162 ரூபாயைத் தாண்டும். 35 விழுக்காடு என்றால் கூரையை முட்டிவிடும். மாதம் 7,501 ரூபாய்க்காரரும் மாதம் ஏழு லட்சக்காரரும் ஏறத்தாழ ஒரே வரி கட்டும் நாளை நோக்கி இந்த விதி தானாகவே நம்மைத் தள்ளிக்கொண்டு போகிறது. மாமன்றத்தில் யாரும் அதை விரும்பி வாக்களிக்க வேண்டிய தேவைகூட இல்லை. பிற மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் தொகை சற்று முன்பின்னாக இருக்கலாம், இயந்திரம் ஒன்றே.

சட்டப்படி இது நிற்குமா என்ற கேள்வியும் எழுகிறது. திருவிதாங்கூர்-கொச்சி நிலவரிச் சட்டம், நிலம் தரிசா விளைநிலமா என்று பாராமல் ஏக்கருக்கு 2 ரூபாய் என்று ஒரே சீராக விதித்தபோது, மூப்பில் நாயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சமத்துவத்துக்கு எதிரானது என்று தள்ளியது. நிகரல்லாதவர்களை நிகராக நடத்துவதும் பாகுபாடே என்பது அதன் சாரம். தொழில் வரிக்கு அந்தத் தீர்ப்பு நேராகப் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். இங்கே பெயரளவிலாவது படிநிலைகள் இருக்கின்றன. உச்சத்தில் தெரியும் சமமின்மைக்கு அரசமைப்பே காரணம் என்று அரசு வழக்கறிஞர் எளிதாகச் சொல்லிவிடலாம். வரி விவகாரங்களில் சட்டமன்றத்துக்கு நீதிமன்றங்கள் பின்னாளில் மிகுந்த விட்டுக்கொடுப்பையும் காட்டிவந்திருக்கின்றன. ஆகவேதான் நீதிமன்றப் படியேறுவதை விட்டு உங்களுக்கு எழுதுகிறேன்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் தாங்கள் கட்டிய தொழில் வரியைச் சம்பளத்திலிருந்து கழித்துக் காட்டலாம். 30 விழுக்காட்டு வரம்பில் இருப்பவருக்கு 2,500 ரூபாயில் 750 ரூபாய் இப்படி மிச்சமாகும். வருமான வரி வரம்புக்கே வராத ஏழைச் சம்பளக்காரருக்குக் கழிக்க எதுவும் இல்லை, ஆகவே திரும்பக் கிடைப்பதும் இல்லை.

வருவாய் இழப்பை எங்கே ஈடு செய்வது என்று நீங்கள் கேட்பது நியாயம். முதலாவதாக, சம்பளக்காரரிடம் தொழில் வரி தப்புவதில்லை. முதலாளி பிடித்தே கட்டுகிறார். மருத்துவர், வழக்கறிஞர், ஒப்பந்தக்காரர், வணிகர் ஆகியோர் தாமே முன்வந்து கட்ட வேண்டியவர்கள். தொழில் உரிமம் வழங்குவது மாநகராட்சி, வணிகக் கட்டடத்துக்குச் சொத்து வரி போடுவதும் மாநகராட்சி. இரண்டு பதிவேடுகளையும் தொழில் வரிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு எத்தனை பேர் விடுபட்டிருக்கிறார்கள் என்று மண்டலவாரியாக வெளியிடுவதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. கீழ்ப்படியில் இருப்பவரின் 180 ரூபாயைத் தேடுவதற்கு முன் இதைச் செய்திருக்க வேண்டும்.

இரண்டாவதாக, கூரையை உயர்த்துவது. 14-ஆவது நிதி ஆணையம் ஆண்டு வரம்பை 12,000 ரூபாயாக்கலாம் என்றது. 15-ஆவது ஆணையம் 18,000 என்றது. ஆண்டுக்கு 18,000 கட்டக்கூடிய ஒரு உயர்வருமானக்காரர் கூடுதலாகத் தரும் 15,500 ரூபாய், அரையாண்டுக்கு 180 ரூபாய் கட்டும் 43 பேரின் ஓராண்டு வரிக்குச் சமம். இந்தத் திருத்தத்துக்கு மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் தேவையில்லை. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை போதும். நிதிப் பகிர்வில் மாநிலத்துக்கு இழைக்கப்படும் அநீதி பற்றி ஓயாமல் பேசும் தமிழ்நாட்டின் கட்சிகள், மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் சொந்த வருவாய் பெருகும் இந்த ஒரு வரியைப் பற்றி அதே குரலில் பேசாதது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆனால் டெல்லி நகரும் வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் உண்டு. விலக்கு வரம்பை மாதம் 3,500 ரூபாயிலிருந்து குறைந்தது 15,000 ரூபாய்க்கு, அதாவது அரையாண்டுக்கு 90,000 ரூபாய்க்கு உயர்த்துங்கள். அதற்கு மேலுள்ள படிகளை, 1,250 ரூபாய் என்ற உச்சம் மாதம் ஐம்பதாயிரத்துக்கு அருகில்தான் தொடங்கும்படி அகலமாக வகுங்கள். ஐந்தாண்டுக் கட்டாய உயர்வை வரித் தொகையிலிருந்து எடுத்து வருமானப் படிநிலைகளுக்கு மாற்றுங்கள். விலைவாசியோடு படிநிலைகள் நகரட்டும். சிறிய நகராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் இதனால் வரும் குறைவை முதல் ஐந்தாண்டுக்கு மாநில நிதி ஆணையத்தின் பகிர்விலிருந்து ஈடு செய்யுங்கள். இவற்றுக்குத் தேவையான சட்டத் திருத்தம் துறையிலிருந்து தொடங்க வேண்டியது. அதைக் கோரி ஒரு தீர்மானம் நிறைவேற்றுவது மாமன்றத்தால் அடுத்த கூட்டத்திலேயே முடியக்கூடியது.

அதற்கிடையில், அடுத்த திருத்தம் மாமன்றத்தின் முன் வரும்போது, ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் மொத்தமாக எவ்வளவு கட்டுகிறார்கள், அது அவர்கள் வருமானத்தில் எத்தனை விழுக்காடு என்ற மூன்று நிரல்களையும் தீர்மானத்தோடு இணைத்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகும் கீழ்ப்படிகளை மட்டும் உயர்த்தலாம் என்று நினைப்பவர்கள், பெயர் சொல்லி வாக்களிக்கட்டும்.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியல் தயாரிக்கும் ஒரு சென்னைவாசி