கிறிஸ்தவ ஐக்கியச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024, லுசாகா, சாம்பியா

அன்பான ஐக்கியத்தாருக்கு ஸ்தோத்திரம்.

மாதக் கூடுகை ஒன்பது நடந்தது. காலரா பரவியிருந்ததால் ஜனவரியிலும், மின்வெட்டு காரணமாக செப்டம்பர், அக்டோபரிலும் கூட முடியவில்லை. ஈஸ்டர் ஆராதனையும் கிறிஸ்துமஸ் கீத பவனியும் வழக்கம்போல் நடந்தன.

அடுத்து, சாம்பியாவின் தென் மாகாணத்தில் இருக்கும் மோன்சே ஊழியம். வந்து பார்த்தவர்கள் மிகச் சிலர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நெல்லைப் பக்கம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஐயாவும், கணக்கு டீச்சரான அம்மாவும் மிஷனரிகளாக இங்கே வந்து மூன்று வருடமாகிறது. ஐயாவுக்கு 71 வயது, அம்மாவுக்கு 67. சாம்பியாவில் 2022 ஜனவரியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகு கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் குவிந்துவிட்டார்கள். அம்மாவின் முதல் வகுப்பில் மட்டும் 94 பேர். பெஞ்சுக்கு ஐந்து பேர் போக மீதிப் பிள்ளைகள் தரையில்தான். சோளத்தட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி, பத்துப் பத்தாக நாரால் கட்டி, அதை வைத்தே கூட்டல் சொல்லிக் கொடுக்கிறார். காலையில் அவர் உள்ளூர் டோங்கா மொழியில் "முவாபூகா பூட்டி" (காலை வணக்கம்) என்றதும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று பதில் சொல்லும்.

இந்த வருட வறட்சி எல்லாருக்கும் தெரியும். பிப்ரவரி 29 அன்று தேசியப் பேரிடர் என்று அறிவித்தார்கள். 116 மாவட்டங்களில் 84-இல் பயிர் போயிற்று. ஜூனில் பள்ளி அடிபம்பும் நின்றுவிட்டது. பிள்ளைகள் காய்ந்த ஓடையில் ஊற்றுத் தோண்டி, எண்ணெய் கேனில் கலங்கல் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அது நம்ம ஊர் இந்தியா மார்க் 2 பம்புதான். சோலாப்பூரில் மிஷனரிகள் செய்த பம்பிலிருந்து 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவானது. அதன் வாஷரை மாற்ற வேண்டுமென்றால் குழாய் முழுவதையும் வெளியே இழுத்தாக வேண்டும். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, மூன்று மீட்டர் குழாய்கள் பதின்மூன்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கினோம். ஊர்ப் பெரியவர்கள் கை கொடுத்தார்கள். வாஷர் விரல் பட்டதும் பொடிந்தது. கீழ்க்குழாய் மூன்று துருவேறி ஓட்டையாகியிருந்ததால் புதிதாகப் போட்டோம். ஐயாதான் முதலில் அடித்தார். நாற்பது முறைக்கு மேல் அடித்தபின் தண்ணீர் செந்நிறமாக வந்து, அப்புறம் தெளிந்தது. அம்மா ஒரு கை ஏந்திக் குடித்துவிட்டு அங்கேயே அழுதுவிட்டார்.

வருகிறேன் என்று பெயர் கொடுத்தவர்கள் 22 பேர். வந்தது என்னோடு சேர்த்து நாலு பேர். மூன்று மணி நேரப் பயணம், பெட்ரோல் விலை எல்லாம் எனக்கும் உண்டு. பம்பு ரிப்பேர் அரசாங்க வேலை, ஐக்கியப் பணத்தை அதில் ஏன் போட வேண்டும் என்று சிலர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாம். அரசாங்க ஆள் வரும்வரை அந்தப் பிள்ளைகள் ஓடைத் தண்ணீரைத்தானே குடித்திருப்பார்கள்?

41 குடும்பங்களில் ஆண்டுச் சந்தா 600 குவாச்சா கட்டியவை 17. குழாய்ப் பணத்தை நான் கையிலிருந்து போட்டு, நவம்பரில்தான் திரும்பப் பெற்றேன். மற்றபடி வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. சில ரசீதுகள் வரவேண்டியிருக்கிறது. விவரம் பொருளாளரிடம் உண்டு.

தலைவர், பொருளாளர், பாடகர் குழு, சமையலில் உதவிய சகோதரிகள் அனைவருக்கும் நன்றி.

ஐயாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. வரும் ஜூனில் இருவரும் ஊருக்குத் திரும்புகிறார்கள். இன்னும் இரண்டு பள்ளிகளில் பம்பு நின்று கிடக்கிறது. பிரித்து மாட்டுவதை ஐயா இருக்கும்போதே இளைஞர்கள் கற்றுக்கொண்டால் நல்லது. நான் ஒருவனே இதைத் தொடர்ந்து சுமக்க முடியாது. ஜனவரி கடைசிச் சனிக்கிழமை காலை 5 மணிக்கு என் வண்டி கிளம்புகிறது. நாலு இடம் காலியாக இருக்கிறது.

கர்த்தருக்குள்,
செயலாளர்