வகுப்புச் சண்டை வீட்டுக்கு வரும் காலம்: பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். முன்பெல்லாம் வகுப்பில் நடக்கும் சண்டை கடைசி மணியோடு முடிந்துவிடும். மறுநாள் பாதிப் பேருக்கு அது ஞாபகமே இருக்காது. இப்போது அது பிள்ளைகளோடு வீட்டுக்கு வருகிறது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் போட்ட ஒரு வரி, அதற்கு இன்னொருத்தி போட்ட சிரிப்புப் பொம்மை, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு குழுவில் போட்ட மூன்றாமவர். காலையில் என் அறைக்கு வரும் புகார்களில் பல, முந்தைய இரவு தொடங்கியவை.

உங்களில் பலர் ஆர்குட் என்ற பழைய சமூக வலைத்தளத்தைப் பார்த்தவர்கள். ஆர்குட்டும் பேஸ்புக்கும் 2004-இல் வந்தன. கணினி முன் உட்கார்ந்து, நண்பரின் பக்கத்தைத் தேடிப் போய், அதில் ‘ஸ்கிராப்’ என்று நாலு வரிச் செய்தி எழுதிவிட்டு எழுந்துவிடுவோம். 2006-இல் பேஸ்புக், நண்பர்கள் போடுவதை ஒரே பக்கத்தில் திரட்டிக் காட்டும் நியூஸ் ஃபீடைக் கொண்டுவந்தது. அதன்பின் நாம் யாரையும் தேடிப் போகவேண்டியதில்லை, எல்லாம் நம்மிடமே வந்தது. 2009-இல் லைக் பட்டன் வந்தது. ஒரு படம் எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்று ஊரே எண்ணிப் பார்க்க முடிந்தது. 2016-இல் இன்ஸ்டாகிராம் பதிவுகளை நேர வரிசையில் காட்டுவதை விட்டுவிட்டு, நமக்கு எது பிடிக்கும் என்று அதுவாகவே கணித்து அடுக்கத் தொடங்கியது. இன்று ரீல்ஸில் வருபவர்களில் பெரும்பாலோர் நமக்கு யாரென்றே தெரியாதவர்கள். பக்கத்துக்கு முடிவு என்று ஒன்றும் கிடையாது. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். இதில் பிள்ளைக்கு மன உறுதி இல்லை என்று திட்டுவது நியாயமில்லை. பெரியவர்களாலேயே நிறுத்த முடிவதில்லையே!

படம் அனுப்பிப் பேசிக்கொள்ளும் ஸ்னாப்சாட் செயலியில் ‘ஸ்ட்ரீக்’ என்று ஒன்று உண்டு. இரண்டு நண்பர்கள் தினமும் ஒருவருக்கொருவர் ஸ்னாப், அதாவது ஒரு படமோ வீடியோவோ, அனுப்ப வேண்டும். ஒரு நாள் விட்டால் அதுவரை சேர்ந்த எண்ணிக்கை போய்விடும். தேர்வுக்கு முந்தைய இரவும், சொல்ல ஒன்றுமில்லாமல், இருட்டு அறையை ஒரு படமெடுத்து அனுப்பிவிட்டுத் தூங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நல்லதும் நடக்கிறது, மறுக்கவில்லை. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, குழுவில் தைரியமாகச் சந்தேகம் கேட்கிறது. அதனால் போனைப் பிடுங்கி வையுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

நான் கேட்பது வேறு. இரவில் போன் பிள்ளையின் அறைக்கு வெளியே இருக்கட்டும்; உங்களுடையதும் கூடவே இருந்தால் பிள்ளை வாதாட வழியில்லை. இன்ஸ்டாகிராமும் பேஸ்புக்கும் தங்கள் விதிப்படி 13 வயது நிறையாதவர்களைச் சேர்ப்பதில்லை. சில நாடுகளில் வரம்பு இன்னும் அதிகம். பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுக் கணக்குத் தொடங்கித் தராதீர்கள். பள்ளி விழாவில் எடுத்த படத்தில் அடுத்தவர் பிள்ளை இருந்தால், கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அப்புறம், உங்கள் பிள்ளையைக் கேலி செய்து யாராவது எழுதியிருந்தால் கோபத்தில் அழித்துவிட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரிடம் வாருங்கள். பெற்றோர் குழுவில் பதிலுக்குப் பதில் எழுதினால் பிள்ளைகள் சமாதானமான பிறகும் பெரியவர்கள் பேசிக்கொள்வதில்லை, பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கமும் ஒரு மாற்றம் செய்கிறோம். அடுத்த வாரம் முதல் வீட்டுப்பாடம் டைரியில் மட்டுமே எழுதித் தரப்படும். மாலை 6 மணிக்கு மேல் ஆசிரியர்கள் வகுப்புக் குழுவில் எதுவும் அனுப்ப மாட்டார்கள். அவசரம் என்றால் அலுவலகத்திலிருந்து நேரடியாக அழைப்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்