ஜூலை 30: பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாளான ஜூலை 30 அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நம் மாணவிகள் அவரைப் பற்றிப் பேச இருக்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் 1912-இல் பட்டம் பெற்றதையும், சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினராகி தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதையும் பிள்ளைகள் பாடப்புத்தகத்திலேயே படித்துவிடுவார்கள். ஆனால், பெற்றோர் கவனிக்க வேண்டிய பகுதி அதற்கெல்லாம் முன்பு, புதுக்கோட்டையில் அவருடைய வீட்டுக்குள் நடந்தது என்பது என் எண்ணம்.

பெண் பெரியவளானதும் பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவது அன்றைய வழக்கம். 1886-இல் பிறந்த முத்துலட்சுமியும் அப்படித்தான் நிறுத்தப்பட்டார். தாயார் சந்திரம்மாளுக்கு மகளைக் காலாகாலத்தில் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்ற கவலை; பெண்ணைப் பெற்ற எந்தத் தாய்க்கும் இருக்கக்கூடியதுதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் கல்வித் துறையில் இருந்த தந்தை நாராயணசாமி, மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க, அவர் தனித்தேர்வராக மெட்ரிகுலேஷன் எழுதித் தேறினார். மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது, ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் தங்கள் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்த்தவர்களும் பெற்றோர்தாம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்ததால் அவர் கல்லூரிக்குள் நுழைய முடிந்தது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அதே பெண்தான், அறுபது வயதைக் கடந்த பிறகும் ஓயாமல் நிதி திரட்டி, 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை சில படுக்கைகளோடு தொடங்கப்படக் காரணமானார். அங்கு சிகிச்சைக்குப் போய்வந்த குடும்பங்கள் நம் பள்ளிப் பெற்றோர்களிலும் உண்டு.

இன்று பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவர்கள் நம்மிடையே இல்லை. தயக்கம் வருவது பத்தாம் வகுப்பு முடிந்தபின் தான். பேருந்தில் போய்வர வேண்டும், வரன் வந்திருக்கிறது, தம்பியின் படிப்புச் செலவு இருக்கிறது என்று ஒவ்வொரு ஆண்டும் சில மாற்றுச் சான்றிதழ்களில் கையெழுத்திடுகிறேன். அப்படி ஒரு முடிவெடுக்கும் முன், தயவுசெய்து வகுப்பாசிரியரிடமோ என்னிடமோ ஒருமுறை வந்து பேசுங்கள். உதவித்தொகை, விடுதி, பயண அட்டை ஆகியவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று உடனிருந்து பார்த்துத் தருகிறோம்.

விழாவுக்கு முன் பிள்ளைகள் ஒரு வேலையோடு வீட்டுக்கு வருவார்கள். வீட்டிலுள்ள மூத்த பெண்மணி எதுவரை படித்தார், ஏன் நின்றது என்று கேட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும். அப்பா இருக்கும்போதே அந்தப் பேச்சு நடக்கட்டும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்