செயலாளர் ஆண்டறிக்கை: பயத்தங்காய்ப் பாத்தியும் பாஸ்பேட் உரமும்

மதிப்பிற்குரிய தலைவர், செயலவையினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2025ஆம் ஆண்டில் செயலவை மாதம் தவறாமல் கூடியது. பொங்கல் விருந்தும் தீபாவளிக்கு முந்திய காய்கறி விற்பனையும் வழக்கம்போல நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் அதிகம் பேச வேண்டியது கோயிலுக்குப் பின்னால் நாம் போட்ட பயத்தங்காய்ப் பாத்திகளைப் பற்றித்தான்.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நம்மில் பலர் பயிர் செய்வது பழைய பால்மரத் (ரப்பர்) தோட்ட மண்ணில். காலங்காலமாகப் பெய்த மழையில் சுண்ணாம்புச் சத்து கரைந்துபோய்ப் புளிப்பேறிய மண் அது. இப்படிப்பட்ட மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. நாம் போடும் பாஸ்பேட்டை அவை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. போட்ட பருவத்தில் பயிர் எடுப்பது பெரும்பாலும் கால்பங்குகூட இருக்காது. "உரம் போட்டோம், ஒன்றும் தெரியவில்லையே" என்று பல அக்காமார் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

பயத்தங்காய்க்கு இந்தக் குறை இரட்டை அடி. அதன் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்தான் காற்றிலிருந்து தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, பிடித்துத் தருகிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்க, உயிரணுக்கள் ஆற்றலுக்குச் செலவிடும் ஏடிபி என்ற பொருளில் குறைந்தது 16 மூலக்கூறுகள் செலவாகும். அந்த ஏடிபியைச் செய்யவே மணிச்சத்து, அதாவது பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பரஸ், வேண்டும். அது குறைந்தால் முடிச்சு சிறுக்கும், செடி குட்டையாக நிற்கும், பூப்பது தள்ளிப்போகும், காயும் குறையும். இலை மட்டும் கரும்பச்சையாக இருக்கும். அந்தப் பச்சையைப் பார்த்து, செடி நன்றாக இருக்கிறது என்றே நானும் முதலில் நம்பினேன்.

மூன்று பாத்தி போட்டோம். மூன்றுக்கும் சுண்ணாம்பு உண்டு. முதல் பாத்திக்குப் பாஸ்பேட் இல்லை. இரண்டாவதில் ராக் பாஸ்பேட்டை, அதாவது பாஸ்பேட் பாறையின் பொடியை, சுண்ணாம்போடு ஒரே நாளில் கலந்து தூவினோம். அது என் யோசனை, தவறான யோசனை. ராக் பாஸ்பேட் கரைவதற்கு மண்ணின் புளிப்பு வேண்டும். சுண்ணாம்பு அந்தப் புளிப்பைத்தான் போக்குகிறது. தோட்டத்தில் வேலை செய்த அண்ணன் ஒருவர், பால்மரத்துக்கு நடுவே மண்ணை மூடிப் படரும் மூடுகொடி போட்ட காலத்தில் கிறிஸ்துமஸ் தீவு பாஸ்பேட் நன்றாகப் பலன் தந்ததை நினைவுபடுத்தினார். அங்கே மண் புளிப்பாகவே விடப்பட்டிருந்தது.

மூன்றாவதில் சுண்ணாம்பு போட்டு மூன்று வாரம் கழித்து டிஎஸ்பி (டிரிபிள் சூப்பர் பாஸ்பேட்) உரம் வைத்தோம். இதில் பாஸ்பேட் 46 சதவீதம், நீரில் கரையும். ஆனால் மண்ணுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் நகராது. மேலே தூவினால் வேருக்கு எட்டாது. அதனால் விதைக்குப் பக்கவாட்டில், சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் கோடிழுத்துக் கொஞ்சமாக வைத்தோம். அந்தப் பாத்திதான் முதலில் பூத்தது, முதலில் காய் தந்தது. செடியைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கிள்ளியபோது உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லாமல் விட முடியவில்லை.

சரி, அதற்காக அள்ளிக் கொட்ட வேண்டாம். மணிச்சத்து மிஞ்சினால் பயிருக்குத் துத்தநாகம் கிடைப்பது தடைப்படும். மழையில் அடித்துக்கொண்டு போனால் அல்லூரில் (வடிகாலில்) பாசி பெருகும்.

அடுத்த பருவத்துக்குச் சுண்ணாம்பை மொத்தமாக வாங்கச் செயலவை முடிவு செய்துள்ளது. யார் யாருக்கு எவ்வளவு என்பதை மண் பரிசோதனைக்குப் பிறகே சொல்ல முடியும். ஒவ்வொருவரும் பாத்தியில் ஐந்தாறு இடங்களில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, ஒரு பையில் பெயரெழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.