மூன்று ஊர் ஷெனின் பிளாங்

கொடைக்கானல்

அன்பு மகளுக்கு,

பெங்களூருக் கடையில் ஷெனின் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயின் நாசிக், தென்னாப்பிரிக்கா, பிரான்ஸ் என மூன்று ஊர்களிலிருந்தும் வருகிறது என்று எழுதியிருந்தாய். மூன்றையும் வாங்கி ஒரே நாளில் திற. தனித்தனியாகக் குடித்தால் இந்தத் திராட்சை பிடிபடாது. கம்பம் பன்னீர்த் திராட்சையை மணத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஷெனினுக்கு அப்படித் தூக்கலான மணம் கிடையாது. புளிப்புதான் அதன் பலம். மற்றதையெல்லாம் மண்ணும் வெயிலும் பறித்த நாளும் தருகின்றன.

நாசிக்கில் குளிர்காலத்திலும் கொடி உறங்காது. அதனால் ஆண்டுக்கு இரண்டு கவாத்து: ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓய்ந்தபின் ஒன்று. அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை. வெயில் ஏறினால் பழத்தில் புளிப்பு இறங்கிவிடும் என்று சீக்கிரமே பறிப்பார்கள். கொஞ்சம் இனிப்பை மிச்சம் வைத்த பாட்டில்களே அதிகம். வாங்கிய வருடமே குடித்துவிடு.

உலகத்திலேயே ஷெனின் அதிகம் இருப்பது தென்னாப்பிரிக்காவில். அங்கே ஸ்டீன் என்பார்கள். ஸ்வார்ட்லாந்து, ஸ்டெல்லன்போஷ் பக்கம் பந்தலில்லாமல் புதராக நிற்கும் பழங்கொடிகள் உண்டு. காய்ப்பு குறைவு, சாறு அடர்த்தி. 35 வயது கடந்த தோட்டத்துப் பாட்டிலில் நட்ட வருடம் போட்ட முத்திரை இருந்தால், விலை கூடினாலும் அதையே எடு.

பிரான்சில் லுவார் ஆற்றங்கரை வூவ்ரேதான் எனக்குப் பிடித்தது. சுண்ணாம்புக்கல் பூமி. லேபிளில் ‘செக்’ என்றால் இனிப்பில்லாதது, ‘டெமி-செக்’ இளம் இனிப்பு, ‘முவல்லே’ நல்ல இனிப்பு. நீ டெமி-செக் வாங்கு. நம் மலைப் பேரிக்காய் நன்றாகக் கனிந்த வாசனையும் தேனும் அதில் வரும்.

ஊற்றும் வரிசையை இனிப்பைப் பார்த்து வை. இனிப்பில்லாத தென்னாப்பிரிக்கா முதலில், பிறகு நாசிக், கடைசியில் வூவ்ரே. மாற்றினால் இனிப்புக்குப் பின்வருவது வெறும் புளிப்பாகத் தெரியும். ஆளுக்கு 75 மில்லி போதும்.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதே. 4 டிகிரியில் மணம் எழும்பாது, புளிப்பு மட்டும் நாக்கில் குத்தும். இருபது நிமிடம் வெளியே வை. 10 டிகிரி சுமார் வரட்டும். டிசம்பரில் இங்கே அந்தப் பாடே இல்லை. அங்கே ஏப்ரலில் கிளாஸிலேயே சூடேறிவிடும், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்று.

ஒன்றை மட்டும் நன்றாகக் கவனி. பழகாதவர்கள் நல்ல ஷெனினைக் கெட்டது என்று கொட்டுவது இதனால்தான். லுவார் ஷெனினில் நனைந்த ஸ்வெட்டர் காயும் வாசனை வரும். அது அதன் இயல்பு, கூடவே பழவாசமும் இருக்கும். கார்க் கெட்டிருந்தால் வருவது மழையில் ஊறிய அட்டைப்பெட்டி நாற்றம். அது பழவாசத்தை அமுக்கிவிடும், கிளாஸில் நேரம் ஆக ஆகக் கூடும். சந்தேகமாக இருந்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி முகர்ந்து பார். தீக்குச்சி வாசனை வந்தால் பயப்படாதே. அது கந்தகம், ஜாடியில் ஊற்றி அரை மணி வைத்தால் பெரும்பாலும் போய்விடும். அடியில் கண்ணாடித் தூள் போல வெள்ளையாகக் கிடந்தாலும் கெடுதலில்லை, திராட்சையின் அமிலம்தான் உப்பாகப் படிந்திருக்கிறது.

சாப்பாட்டுக்கு: சொதியோடு தென்னாப்பிரிக்கா, மிளகு தூக்கலான பன்றி வறுவலோடு டெமி-செக். அந்த இனிப்பு காரத்தைத் தணிக்கும். புளிக்குழம்பு வேண்டாம், எந்த ஒயினும் அதற்குமுன் சப்பென்று ஆகிவிடும்.

மீதியை இறுக மூடி ஃபிரிட்ஜில் வை. மூன்று நாள் தாங்கும். வூவ்ரேயை மறுநாளும் ஒரு வாய் குடித்துவிட்டு, என்ன மாறியிருக்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா